ரோடு எப்போது முடியும் என்ற தேதி எங்கிருந்து வருகிறது?

வாரம்தோறும் சென்னையிலிருந்து ஆம்பூருக்குக் காரில் போய்வருவதாகவும், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறுவழி வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டைவர்ஷன், பள்ளம், புழுதி, அப்புறம் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் டோல். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தேதி சொல்கிறார்கள், அந்தத் தேதி போய்விடுகிறது, இன்னொன்று வருகிறது. "இவர்கள் பொய் சொல்கிறார்களா, இல்லை வேலை தெரியாதவர்களா?" என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. வேலை முடியாத ரோட்டுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நீதிமன்றங்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். 26 வருடம் தேசிய நெடுஞ்சாலை வேலைகளில் இருந்தேன். முதல் பாதி கான்ட்ராக்டர் பக்கம் சைட்டில், மறுபாதி வேலையை மேற்பார்வை பார்க்கும் கன்சல்டன்ட் பக்கம். எனவே இரண்டு பக்கத்துக் கோப்புகளும் தெரியும். ஆனால் மாநகராட்சித் தெருக்கள், பஞ்சாயத்து ரோடுகள் எல்லாம் வேறு உலகம். அவற்றில் நான் வேலை செய்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

தேதி பிறக்கும் இடம் மாதாந்திர ஆய்வுக் கூட்டம். மேசையின் தலைப்பக்கம் பெரிய அதிகாரி இருப்பார். "எப்போ முடியும்?" என்று கேட்பார். சைட்டில் இருப்பவருக்கு உண்மை தெரியும்: இன்னும் ஏழு கிலோமீட்டருக்கு நிலம் கையில் இல்லை, ஒரு மேம்பாலத்துக்கு அடியில் மின்கம்பி மாற்றவில்லை, மண் எடுக்க அனுமதி வரவில்லை. இதெல்லாம் அடுத்த மாதமே சரியாகி, மழையும் பெய்யாமல், பில் பணமும் தங்காமல் வந்தால் மார்ச்சில் முடியும். இந்த "வந்தால்" எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவர் மார்ச் என்கிறார். குறிப்பேட்டில் மார்ச் மட்டும் ஏறுகிறது. அங்கிருந்து தலைமை அலுவலகம், அங்கிருந்து அமைச்சகம், அங்கிருந்து நாடாளுமன்றப் பதில், அங்கிருந்து செய்தித்தாள். நானே அப்படித் தேதி கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடம் ஆகும் என்று நேராகச் சொன்ன ஒருவரை அடுத்த கூட்டத்துக்குள் வேறு சைட்டுக்கு மாற்றியதைப் பார்த்த பிறகு, நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே, நீங்கள் பேப்பரில் படிக்கும் தேதி பெரும்பாலும் வேண்டுமென்றே சொன்ன பொய் கிடையாது. எல்லாமே நன்றாக நடந்தால் என்ற கணக்கில் வந்த தேதி. அதில் உள்ள "ஆனால்"களை வழியில் ஒவ்வொருவராக உதிர்த்துவிட்டார்கள். ரோட்டில் காத்து நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஆறுதல் தராது என்பது எனக்குத் தெரியும்.

அந்த "ஆனால்"களில் பெரியது நிலம். 1956ஆம் வருடத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பது படிப்படியாக நடக்கும். அந்தச் சட்டத்தின் 3ஏ பிரிவு என்பது எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு. 3டி வந்தால்தான் நிலம் அரசுக்குச் சேரும். 3ஜி என்பது இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வது. சைட்டில் நாங்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதே "3டி ஆச்சா?" என்றுதான். 3டி ஆனாலும் பணம் கைக்கு வராமல் யாரும் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள், இறங்கவும் கூடாது. பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் இருந்து, நடுவில் நானூறு மீட்டருக்கு இல்லை என்றால், அந்த நானூறு மீட்டரில்தான் நீங்கள் டைவர்ஷனில் திரும்புகிறீர்கள்.

இன்னொரு தேதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒப்பந்த மொழியில் அதை அப்பாயின்டட் டேட் என்பார்கள். ஒப்பந்தக் காலம் ஓடத் தொடங்கும் நாள் அது. நிலத்தில் பெரும்பங்கு கைக்கு வந்த பிறகே அதை அறிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. அடிக்கல் நாட்டிய நாளுக்கும் இதற்கும் தொடர்பே இருக்காது. மேடையில் கல் திறந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து அப்பாயின்டட் டேட் வந்த வேலைகள் உண்டு. மக்கள் கல் நாட்டிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள், கான்ட்ராக்டர் இந்த நாளிலிருந்து எண்ணுகிறார். இரண்டு பேரும் வேறு வேறு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

நம் ஊருக்கே உரிய தடைகளும் உண்டு. ரோட்டை உயர்த்த லட்சக்கணக்கான கனமீட்டர் மண் வேண்டும். நம் பக்கம் அது பெரும்பாலும் ஏரியிலிருந்து வர வேண்டும். கனிமவளத் துறை அனுமதி, ஏரி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி, ஊர்க்காரர்கள் எதிர்ப்பு என்று அதற்கே ஒரு வருடம் போகும். ஊர்க்காரர்கள் எதிர்ப்பதிலும் நியாயம் இருக்கிறது, அனுமதித்த ஆழத்துக்குமேல் தோண்டிய ஏரிகளை நானே பார்த்திருக்கிறேன். பிறகு வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண் வேலையும் தார் வேலையும் கிட்டத்தட்டப் படுத்துவிடும். டெல்லியில் தேதி போடுகிறவர்கள் ஜூன், ஜூலை மழையைக் கணக்கில் எடுக்கிறார்கள், நம் மழையை மறந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் பழைய புலம்பல்.

வாக்குறுதியின் முழு ஆயுளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மதுரவாயல் - சென்னைத் துறைமுகம் பறக்கும் சாலையைப் பாருங்கள். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் கூவம் ஆற்றுக்குள் தூண்கள் வருகின்றன என்று சொல்லி அன்றைய மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, ஆனாலும் வேலை தொடங்கவில்லை. கூவக் கரையில் மொட்டைத் தூண்கள் வருடக்கணக்காக நின்றதைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2022 மே 26 அன்று பிரதமர் மோடி அதே சாலைக்கு மறுபடியும் அடிக்கல் நாட்டினார், இந்த முறை இரண்டு அடுக்குச் சாலையாக. முதலில் சுமார் 1,800 கோடி ரூபாய் என்ற திட்டம் 5,850 கோடியைத் தாண்டியது. வடிவமைப்பு பெரிதானது ஒரு காரணம், கடந்துபோன 13 வருடம் இன்னொரு காரணம். இதில் எந்தக் கட்சியை ஆதரிப்பவரும் மற்ற கட்சியைக் கைகாட்டலாம், அதற்கு வேண்டிய ஆதாரம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த 13 வருடம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட்டு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அதே 2022 மே 26 விழாவில்தான் பெங்களூரு - சென்னை விரைவுச் சாலைக்கும் கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், சுமார் 14,870 கோடி. 2024 மார்ச்சில் முடியும் என்று சொன்னார்கள், பிறகு 2024 கடைசி, பிறகு 2025. கர்நாடகப் பகுதியில் ஹொஸ்கோட்டையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்தது, நம் பக்கம் பின்தங்கியது. உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்தப் புதுச் சாலை வந்துவிடும் என்ற நினைப்பிலேயே உங்கள் பழைய சாலைமேல் இருந்த அவசரம் குறைந்துவிட்டது. இது என் கணிப்பு மட்டும்தான், எந்தக் கோப்பிலும் இப்படி எழுதியிருக்காது.

ஊழலா என்று கேட்பீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மதிப்பீட்டைவிட இருபது, முப்பது சதவீதம் குறைத்து வேலை எடுக்கிற கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சைட்டின் பணத்தை எடுத்து இன்னொரு சைட்டை ஓட்டுவார்கள். ஒரு கட்டத்தில் இயந்திரங்கள் நிற்கும், டீசல் கடன் ஏறும், வேலையாட்கள் போய்விடுவார்கள். அப்போது ஒப்பந்தத்தை ரத்து செய்து மறு டெண்டர் விட ஒரு வருடம் பிடிக்கும், எனவே அதிகாரிகளும் இழுத்துப் பார்ப்பார்கள். உறுதியாகத் தெரிந்த இன்னொன்று, தாமதம் ஆனால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது முழுதாக விழுவது அபூர்வம். நீ நிலம் தரவில்லை என்று கான்ட்ராக்டர் எழுதுவார், நீ ஆட்களைக் கொண்டுவரவில்லை என்று அதிகாரி எழுதுவார். கடைசியில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எதையும் கோராமல் கால நீட்டிப்பில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த மேசையில் ரோட்டில் போகிற உங்களுக்கு நாற்காலி இல்லை. இதைத் தாண்டிக் கைமாறும் பணத்தின் பங்கு எவ்வளவு என்று அளவு சொன்னால் அது வெறும் ஊகமாகிவிடும். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் லஞ்சமே இல்லாத சைட்டும் இதே காரணங்களால் மூன்று வருடம் தாமதமாவதைப் பார்த்திருக்கிறேன்.

டைவர்ஷன் ரோடு ஏன் அவ்வளவு மோசமாக இருக்கிறது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். மேம்பாலம் கட்டும்போது பக்கத்தில் போடும் அந்தத் தற்காலிக ரோடு ஏழெட்டு மாதம் தாங்கினால் போதும் என்ற கணக்கில் போடுவது. அடியில் ஜல்லி கம்மி, மேலே தார் மெல்லிசு, ஓரத்தில் தண்ணீர் வடிய வழி கிடையாது. அதன்மேல் நாலைந்து வருடம் மொத்த நெடுஞ்சாலையின் லாரியும் ஓடுகிறது. தாருக்கு முதல் எதிரி தேங்கி நிற்கும் தண்ணீர், இரண்டாவது அச்சு எடை, அதாவது லாரியின் ஒவ்வொரு அச்சும் ரோட்டின்மேல் ஏற்றும் பாரம். ஒரு அச்சின் எடை கூடும்போது சேதம் அதே அளவில் கூடாது, நான்காம் அடுக்கில் கூடும் (எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) என்பது 1950களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையிலிருந்து நாங்கள் பாடமாகப் படிப்பது. 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு சக்கரம் உள்ள ஒற்றை அச்சின் அனுமதி எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கூடிய எடை 13 சதவீதத்துக்குள்தான், ஆனால் அந்த விதிப்படி சேதம் சுமார் 60 சதவீதம் கூடும். பழைய எடைக்கு வடிவமைத்த ரோடுகள் அப்படியே கிடந்தன. லாரி முதலாளிகளுக்கு இது உதவி, அதற்கான செலவு ரோட்டில் பள்ளமாகத் தெரிகிறது.

சரி, டோல். முதலில் ஒன்று, சாவடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் ரோடு போடும் கான்ட்ராக்டருக்கும் பெரும்பாலான இடங்களில் தொடர்பே இல்லை. வசூல் உரிமையை ஏலத்தில் எடுத்த ஒரு தனி ஏஜென்சிக்கு அவன் வேலை செய்கிறான். ஏஜென்சி ஒப்புக்கொண்ட தொகையை வாராவாரம் கட்டியாக வேண்டும், ரோடு எப்படி இருந்தாலும். அவனோடு சண்டை போட்டு உங்கள் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். சட்டமும் நெடுநாளாக, டோல் அந்தப் பகுதிக்கு அறிவித்த கட்டணம், ரோட்டின் இன்றைய நிலையைப் பார்த்துக் கூடிக் குறைவது அல்ல என்றுதான் நடந்துவந்தது. அதை நீதிமன்றங்கள்தான் அசைத்தன. நீங்கள் போகும் இதே ரோட்டில், மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே உள்ள இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் மாவட்டம் பாலியேக்கரை சாவடியில் வசூலையே நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகும் ரோட்டுக்கு ஒருவர் ஏன் 150 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்டு, மனுவைத் தள்ளுபடி செய்தது. இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வசூல் நின்றது. எனவே "ரோடு இல்லையென்றால் டோல் இல்லை" என்ற வாதம் இப்போது சட்டத்தில் கால் ஊன்றியிருக்கிறது. ஆனால் அது தானாக உங்கள் சாவடிக்கு வராது. ஒவ்வொரு ரோட்டுக்கும் யாராவது ஆதாரத்தோடு நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் மக்களவையில், 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டாவது சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். இன்றும் அப்படிப்பட்ட சாவடிகள் இருக்கின்றன. 60 கிலோமீட்டர் என்பது 2008 கட்டண விதிகளிலேயே இருக்கிறது, ஆனால் காரணத்தை எழுதிவைத்து விலக்குத் தரலாம் என்ற வழியும் அதே விதியில் இருக்கிறது. பல சாவடிகளுக்குப் பின்னால் பல வருட ஒப்பந்தங்கள் இருக்கின்றன, மூடினால் இழப்பீடு தர வேண்டும். இது தெரிந்த எவரும் மூன்று மாதம் என்று சொல்லியிருக்கக் கூடாது. இங்கே மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. ரோட்டு வேலையிலாவது மழை, மண் என்று காரணம் உண்டு, இது காகிதத்தைப் பார்த்தால் தெரியும் விஷயம்.

தவறிய தேதிகளில் என்னை மிகவும் வதைப்பது உயிர்க் கணக்குதான். 2015இல் பிரேசிலியா பிரகடனத்தில் இந்தியா கையெழுத்திட்டது, 2020க்குள் விபத்துச் சாவுகளைப் பாதியாக்குவதாக. பிறகு 2024 என்றார்கள். இப்போது 2030. நடந்தது என்னவென்றால், 2022இல் நாடு முழுவதும் 1,68,491 பேர் செத்தார்கள், 2023இல் 1.72 லட்சத்தைத் தாண்டியது. 2022இல் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. விபத்துகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன என்று கட்கரியே 2024 டிசம்பரில் மக்களவையில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் வைத்தது. அதே சட்டத்தின் 198ஏ பிரிவு, ரோட்டைத் தரமாகப் போடாமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் ஒருவர் இறந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் என்கிறது. ஒரு லட்சம், அதுவும் அதிகபட்சம்.

நான் மேற்பார்வையில் இருந்த ஒரு வேலை. ஊரும் கம்பெனியும் வேண்டாம். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலமான கல்வெர்ட்டுக்காக ரோட்டின் பாதியை வெட்டியிருந்தார்கள். பள்ளத்துக்கு முன்னால் இரண்டு மணல் மூட்டை, ஒரு குச்சியில் சிவப்புத் துணி. தடுப்பு போதாது என்று என் அறிக்கையில் மூன்று முறை எழுதினேன். எழுதினேன், அவ்வளவுதான். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது, பில் தங்கும், மேலே பதில் சொல்ல வேண்டும் என்று அதைச் செய்யவில்லை. ஒரு ராத்திரி பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் அதில் விழுந்து இறந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒளிரும் தடுப்பு, அம்புக்குறிப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. எல்லாமே முந்தின நாளும் எங்கள் ஸ்டோரில் இருந்தவை. வேலை நடக்கும் இடத்தில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ரோடுகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் எஸ்.பி. 55 வழிகாட்டி மீட்டர் கணக்கில் சொல்கிறது. அதற்கு நிலம் வேண்டாம், 3டி வேண்டாம், ஏரி மண் வேண்டாம். தாமதத்துக்கு ஆயிரம் காரணம் கேட்டுக்கொள்ளுங்கள், இதற்கு மட்டும் எந்தக் காரணத்தையும் ஏற்காதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள், ஆனால் "ரோடு மோசம்" என்று பொதுவாகச் சொன்னால் அது எங்கும் போகாது. கிலோமீட்டர் கல்லின் எண், எந்தத் திசை, தேதி, நேரம், போட்டோ, இவ்வளவும் வேண்டும். பள்ளத்தை 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தங்களில் கெடு உண்டு. இடமும் தேதியும் இருந்தால்தான் அந்தக் கெடு தவறியதைக் காட்ட முடியும். அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபாய்க் கட்டணம், அந்தப் பகுதியைப் பார்க்கும் நெடுஞ்சாலை ஆணையத் திட்ட அலுவலகத்துக்கு. "எப்போது முடியும்" என்று மட்டும் கேட்காதீர்கள், மறுபடியும் ஒரு மார்ச் வரும். அப்பாயின்டட் டேட் எது, ஒப்பந்தப்படி முடிய வேண்டிய நாள் எது, இதுவரை எத்தனை முறை கால நீட்டிப்பு, ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரணம் என்ன, விதித்த அபராதம் எவ்வளவு, நிலம் கைக்கு வராத நீளம் எத்தனை மீட்டர், எந்தக் கிலோமீட்டரில், டைவர்ஷன் பாதுகாப்பு பற்றி மேற்பார்வை இன்ஜினியர் கொடுத்த அறிக்கைகளின் நகல். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். என்னைப் போல எழுதிவிட்டு நின்றவர்களின் தாள்கள் அங்கே இருக்கும், அவை வெளியே வந்தால்தான் பயன்.

ராத்திரிப் பயணத்தைக் கொஞ்ச நாளைக்குத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் டைவர்ஷன் தொடங்கும் இடத்தில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கை நம்பி ஒட்டிப் போகாதீர்கள், அது திரும்பிய பிறகு பள்ளம் உங்களுக்கு எதிரே இருக்கும். அடுத்த முறை போகும்போது மிக மோசமான இரண்டு மூன்று இடங்களின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்து இங்கே போடுங்கள். மனுவின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.